கன்னிமூலைப் பாத்தி

சிவகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பாத்தியைத் தோண்டுவது என்று முடிவு செய்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எதிர்வரிசையில் என் மாமியாரின் தங்கை. அவருக்குப் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், மசக்கையில் முகம் வெளிறிப்போய், பாயசத்தைத் தொடாமல் விரலால் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன மாமியார் அவளுக்குப் புத்தி சொன்னார். காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு பந்திக்கே கேட்கும்படி சொன்னார்.

"வீட்ட இடிக்கேன், மண்ணத் தோண்டுதேன்னு எதுவும் வச்சுக்கிடாத, கேட்டியா. அன்னா இருக்கால்லா, அவள மாதிரி ஆயிராத."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் குடும்பத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கையாக நான் ஆகிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாயசத்தை முழுவதும் குடித்தேன். இன்னொரு தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனால் அதற்கும் ஒரு கதை கட்டியிருப்பார்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அதற்கான படிப்பைப் படித்துவிட்டுத்தான் பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. குத்துக்கல்வலசையில் வீடு. கணவர் போலீஸ்காரர். மாமியார் எங்களோடு இருக்கிறார். என் வாய் கொஞ்சம் நீளம் என்பது அவருடைய கருத்து. அவருடையது அதைவிட நீளம் என்பது என்னுடையது.

பாத்தியின் கதையும் வாய்ச்சண்டையில்தான் தொடங்கியது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தோட்டம் போட இருந்த ஒரே இடம் தென்மேற்கு மூலை. கன்னிமூலை. அந்த மூலை எப்போதும் உயர்ந்துதான் இருக்க வேண்டும், பள்ளம் விழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் மாமியார். "பள்ளம்தான ஆகாது? மேடு ஆகும்லா?" என்று கேட்டேன். உடனே என் கணவரைச் செங்கோட்டைக்கு அனுப்பினேன். அங்கே மர அறுவை மில்லில், தடி அறுக்கும்போது பட்டையோடு ஒதுக்கிப் போடும் ஓரப் பலகைகள் கிடைக்கும். அவற்றை வாங்கி வந்து நான்கு பக்கமும் நிறுத்தி, உள்ளே மண் கொட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டினோம். சாஸ்திரத்துக்குச் சாஸ்திரம், கத்தரிக்காய்க்குக் கத்தரிக்காய். ஈர மண்ணை அணைத்தபடி பச்சைப் பலகையை நிறுத்தினால் நம் ஊர்ச் சாரலுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. தோஷம் தப்பியது என்ற சந்தோஷத்தில் இருந்தோம்.

அந்தப் பாத்தியில் பிச்சியும் தக்காளியும் நன்றாக வந்தன. பிறகு நான் உண்டானேன். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு லேசாக இருந்தது, பாத்தியில் ஒரு பாதியைக் கொத்திவிட்டுக் கனகாம்பரக் கன்று வைத்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் மண்ணைத் தோண்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் என்ன சீமையிலா பிறந்தேன்? தெரிந்தேதான் கொத்தினேன். களைக்கொத்தால் ஒரு சாண் மண்ணைக் கிளறுவதற்கும் என் வயிற்றுக்கும் என்ன இருக்கிறது?

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனபோது துடிப்பு இல்லை.

மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சில நேரம் இப்படி ஆயிருதும்மா. எல்லாத்துக்கும் காரணம் தெரியாது. நீ செஞ்சது எதுவும் இதுக்குக் காரணம் இல்லை" என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் என் மாமியார், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். "வயித்துப்பிள்ளக்காரி மண்ணத் தோண்டுனா எப்படி நிக்கும்? நான் சொன்னா கேக்காளா?" கதவு திறந்துதான் இருந்தது. என் கணவர் அதே பெஞ்சில், அதே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாமியார் சொன்னதைவிட அவர் சொல்லாததுதான் எனக்கு அதிகம் வலித்தது. இன்றும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்த சில நாளில் மந்திரிக்கிற ஆள் ஒருவரை அழைத்து வந்து, தோஷம் போகக் கன்னிமூலைக்குக் கழிப்புக் கழித்தார்கள். ஏதோ ஒரு முடிச்சைப் பாத்திக்குள் புதைத்தார்கள். இனி அந்த மண்ணில் யாரும் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கும் அப்போது எதிர்த்துப் பேச உடம்பில் வலு இல்லை. விட்டுவிட்டேன். மூன்று வருடம் விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்தில் பாத்தி காடாகிப்போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாதாமரம் தன் வேரை இந்தப் பக்கம் அனுப்பியது. மூலையில் இருந்த கறிவேப்பிலை வேர்விட்ட இடத்திலெல்லாம் குட்டி போட்டது. இடைவெளியில் கோரை. சாரல் நனைத்து நனைத்துப் பலகைகள் ஊறி உப்பி, பிறகு கரையான் ஏறி, வெளியே பட்டையும் உள்ளே வெறும் மண்ணுமாக நின்றன. பின்பக்கப் பலகை சரிந்து மண் வழிந்து கிடந்தது. மருந்துக் கடைக்குக் கிளம்பும்போது தினமும் அதைத் தாண்டித்தான் வண்டியை எடுப்பேன். அந்தப் பக்கம் திரும்பாமல் வண்டியெடுக்கப் பழகியிருந்தேன்.

சிவகிரிக் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிறு. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் பலகையைத்தான் தொட்டேன். பிடுங்கவே வேண்டியிருக்கவில்லை. காலால் லேசாகத் தள்ளியதும் பிஸ்கட் மாதிரி நொறுங்கி விழுந்தது. உள்ளிருந்து கரையான்கள் சிதறி ஓடின. சத்தம் கேட்டு மாமியார் வந்து நின்றார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"பாத்தியச் சரி பண்ணுதேன் அத்தே."

"அங்கன கைவைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்குல்லா?"

"சொன்னவரு வந்து இந்தப் பலகைய நேரா நிறுத்திக் கொடுத்தா நான் கைவைக்கல."

அவர் உள்ளே போய் என் கணவருக்குப் போன் போட்டார். குற்றாலத்தில் சீசன் ஆரம்பிக்கப் போகிறது என்று அவருக்கு அங்கே டியூட்டி போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் வந்தவர், கிளறிப் போட்டிருந்த மண்ணைப் பார்த்துவிட்டு, "அம்மா மனசுக்காவ விட்டுரேன்" என்றார். "என் மனசுக்காவ யாரு எத விட்டிய?" என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். விடிந்ததும் டியூட்டிக்குப் போய்விட்டார்.

வேர் பிடுங்குவது என்ன வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே ஒரு கை ஆழத்துக்கு மண்ணே இல்லை, கோரைக் கிழங்கும் நார்வேரும் பின்னிய பாய்தான் இருந்தது. மண்வெட்டி அதன்மேல் விழுந்து எம்பிக் குதித்தது. அரிவாளால் கட்டம் கட்டமாக அறுத்து, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் ஒரு கட்டம் பெயர்ந்து வரும். உதறினால் அரைக்கூடை மண். அதற்குக் கீழே வாதாமரத்தின் வேர்கள், கட்டைவிரல் பருமனில் சில, மணிக்கட்டுப் பருமனில் சில. கடைசியில் ரம்பத்தைத்தான் எடுத்தேன். கடைக்குப் போகும் முன்னால் கொஞ்சம், வந்து வெளிச்சம் இருக்கிற வரை கொஞ்சம் என்று தினமும் அறுத்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. கடையில் மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுக்கும்போது எரியும். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? மூன்று வருடமாக எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்த கோபத்துக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

அந்த முடிச்சும் கிடைத்தது. மஞ்சள் துணி கறுத்துப்போய், உள்ளே ஆணி குத்திய எலுமிச்சம்பழத்தின் தோலும் ஒரு செப்புத் தகடும். ஒரு வாதாம் வேர் துணியைத் துளைத்து ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மண்ணைக் கழுவி, தகட்டைக் கொண்டுபோய் அடுக்களைத் திண்டில் வைத்தேன். "அத்தே, உங்க சாமான் ஒண்ணு அங்கன கிடந்துச்சு." அவர் முந்தானையால் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் ராத்திரித் தோசைக்கு எனக்குப் பிடித்த எள்ளுப்பொடி இருந்தது. அந்த வீட்டில் சண்டைக்கும் சோற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

பாதிப் பாத்தி தோண்டியிருந்தபோதுதான் சிக்கல் வந்தது. என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம். அவள் கணவர் ராணுவத்தில் வடக்கே இருக்கிறார். தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். வளைகாப்பு முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள் என்று நாள் குறித்தார்கள். மாமியார் என் முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை அவர் குரலில் அதிகாரம் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

"அவ வாரதுக்குள்ள அந்தக் குழிய மூடிருட்டி. உன்னக் கெஞ்சிக் கேக்கேன். மூடிரு."

குற்றாலத்திலிருந்து கணவரும் போனில் அதையே சொன்னார். பின்னால் அருவிச் சத்தமும் விசில் சத்தமும் கேட்டன. தண்ணீர் கூடிவிட்டதால் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ள பொறக்கட்டும். அதுக்கப்புறம் தோண்டு. என்ன அவசரம்?"

"இப்பம் மூடுனா எதுக்கு மூடுனதா அர்த்தம்?"

"ஏறுங்க, ஏறுங்க" என்று யாரையோ விரட்டுகிற சாக்கில் போனை வைத்துவிட்டார்.

அர்த்தம் அவருக்கும் தெரியும். இப்போது மூடினால், என் பிள்ளையை நான்தான் களைக்கொத்தால் கொன்றேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். மூடாமல் விட்டு, கடவுளே, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் இரண்டு பிள்ளைகளைத் தின்றவள் என்ற பெயரோடு நான் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் எல்லாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் விழுகிற பழம் யார் தலையில் விழும் என்று காக்கையால் சொல்ல முடியுமா? எனக்குப் பயமாக இருந்தது. மண்ணைக் கண்டு இல்லை. ஊர் வாயைக் கண்டு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. இது என் சண்டை. வயிறு அவளுடையது. அவள் பயந்து பயந்து பத்தாம் மாதம் வரை நாளைத் தள்ளினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். மாமியாருக்காக நிறுத்தப் போவதில்லை, கணவருக்காக நிறுத்தப் போவதில்லை. அவளிடம் நேராகக் கேட்பது. வேண்டாம் என்று அவள் சொன்னால் மூடிவிடுவது.

கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து இறங்கினாள். மாமியார் ஆரத்தி எடுத்து, கன்னிமூலைப் பக்கம் அவள் கண் போகாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில், மாமியார் கடைக்குப் போன நேரத்தில், நான் பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தபோது வளையல் சத்தம் கேட்டது. பின்வாசலில் நின்றாள்.

"ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். "இந்த வேல உனக்குப் பயமா இருந்தா சொல்லு, இன்னைக்கே மண்ணத் தள்ளி மூடிருதேன். உனக்காவ மூடுவேன். வேற யாருக்காவயும் மூட மாட்டேன்."

அவள் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். ஆழமாக மூச்சு வாங்கினாள்.

"பயமாத்தான் இருக்கு மைனி."

என் கையிலிருந்த கடப்பாரையைச் சுவரில் சாய்த்தேன்.

"மண்ணுக்கில்ல" என்றாள். "போன மாசம் பஸ்ஸுல போனேன், ரோடு பூரா குண்டும் குழியும். அதுக்கு முன்ன ஒரு நா ஆசையா ரெண்டு துண்டு பப்பாளி தின்னேன். கிரகணத்தன்னிக்கு வெங்காயம் நறுக்கிட்டேன். எல்லாத்தையும் மனசுக்குள்ள எழுதி வச்சிருக்கேன் மைனி. எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இதுல எதச் சொல்லுவாவளோன்னு. ராத்திரி முழிப்பு வந்தா அத எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். நீங்க இப்பம் அந்தக் குழிய மூடுனா, நான் எண்ணுதது எல்லாம் நெசம்னு ஆயிரும்."

நான் குனிந்து, அறுத்துப் போட்ட வேர்களைக் கூடையில் அள்ளினேன். நிமிர்ந்து அவளைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

"மூடாதிய" என்றாள். "அந்த நாற்காலிய மட்டும் இப்படி நெழல்ல தூக்கிப் போடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்குள்ள ஒரே வெக்கை."

நாற்காலியைப் போட்டேன். மறுபடியும் குழிக்குள் இறங்கினேன். கடையிலிருந்து வந்த மாமியார் காய்கறிப் பையோடு அப்படியே நின்றார். மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "மைனி, அந்தா ஒரு வேர விட்டுட்டிய" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகளிடம் சண்டை போடவும் முடியாமல் என்னிடம் சண்டை போடவும் முடியாமல் மாமியார் நிலைப்படியில் வேப்பிலை கட்டினார். மகள் தலையணைக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டு வைத்தார். அது என்னுடைய களைக்கொத்தின் கழன்ற தலை என்று பிறகுதான் பார்த்தேன். தேடிக்கொண்டிருந்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிப் பலகை வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். இந்த ஊர் ஈரத்துக்கு மரம் லாயக்கில்லை. பண்பொழிப் பக்கம் என் கணவர் குடும்பத்து வயலில், பழைய வேலிக்கு நட்டிருந்த கருங்கல் தூண்கள் சில உடைந்து கிடந்தன. அவற்றைப் படுக்க வைத்துக் கரை கட்டினால் பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். ஒரு நாள் காலை, டியூட்டி மாற்றிக்கொண்டு வந்த என் கணவர், ஒரு குட்டியானை வண்டியில் அந்தக் கற்களை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து கடப்பாரையால் புரட்டிப் புரட்டி ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். கல்லைச் சுமந்தவர் அன்றைக்குப் பெஞ்சில் வாயைத் திறந்திருந்தால் இத்தனை கல்லே தேவைப்பட்டிருக்காது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவரைக்கும் அதுகூடச் சொன்னதில்லை.

மதிலோரமாகப் பழைய தகரத்தை ஆழமாக இறக்கினோம், வாதாம் வேர் உடனே திரும்பி வராமல் இருக்க. செம்மண்ணும் மக்கிய சாணியும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பினோம். சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஆடியில் வெண்டை விதை ஊன்றினேன், கரையோரம் பிச்சிக் கொடி வைத்தேன். கன்னிமூலை இப்போதும் மேடாகத்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் சாஸ்திரத்துக்கு நான் குறை வைக்கவில்லை.

ஆவணியில் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் முகத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா, தப்பித்தோம் என்ற நிம்மதியா, என் பிள்ளையின் நினைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம்தான்.

இங்கேயே கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி முடியவில்லை.

குழந்தைக்குப் பேர் வைக்கும் அன்று வீடு நிறைய ஆட்கள். நான் வந்தவர்களுக்குத் தட்டில் லட்டும் மிக்சரும் நீட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் நடுவீட்டில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம்மருமவ என்ன செஞ்சான்னு கேளுங்க. அந்த மூலைல கிடந்த தோசத்த வேரோட புடுங்கிப் போட்டுட்டால்லா. அதுக்கப்புறம்தான் எம்மவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லாம பிள்ள பொறந்துருக்கு. நட்டது பூரா முளச்சிருக்கு. ராசியான கை."

பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் ஒரு முருங்கக் கம்பு நட்டுத் தாயேன், ஒன் கையால" என்றார். இன்னொருத்தி, "இனி உனக்கும் தங்கிரும் பாரு" என்றாள்.

ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று வருடமாகச் சுமந்த பழி லட்டுத் தட்டோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். நான் தலையை ஆட்டினால் போதும். இனி எந்தக் கல்யாணத்திலும் என்னைக் கைகாட்டிப் பேச மாட்டார்கள். ராசிக்காரி என்று முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். ஆனால் நான் தோண்டியதால் இந்தப் பிள்ளை பிழைத்தது என்றால், நான் தோண்டியதால் என் பிள்ளை செத்தது என்பதும் உண்மையாகிவிடும். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த ராசி எனக்கு வேண்டாம்.

தட்டைக் கீழே வைத்தேன்.

"அத்தே, நான் தோண்டுனதுனால இந்தப் பிள்ள நல்லாப் பொறக்கல. நான் தோண்டுனதுனால எம்பிள்ள சாகவும் இல்ல. ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுதேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிப் பேசிவிட்டேன். ஆச்சி என் கையை விட்டுவிட்டார். உள்ளறையில் குழந்தை சிணுங்கியது. யாரோ பேச்சை மாற்ற, குழந்தையின் மூக்கு யார் சாயல் என்று கேட்டார்கள். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாரும் போன பிறகு அடுக்களையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்று, விளக்கியதை வாங்கி வாங்கிக் கவிழ்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில துணில சுத்தி எங்கையிலதான் கொடுத்தாவ. எல்லாரும் என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்காவ. ஏதாவது ஒண்ணு சொல்லணும்லா. சும்மா போயிட்டுன்னு எப்படிட்டி சொல்ல?"

கவிழ்த்து வைத்த டம்ளரையே அவர் எடுத்து மறுபடியும் கழுவுவதைப் பார்த்தேன். பார்த்தும் நான் இறங்கி வரவில்லை. வரக்கூடாது என்று இருந்தது.

"நான் அப்படித்தான் சொல்லுதேன் அத்தே. தெனமும் காலைல எந்திரிச்சதும் எனக்கு நானே சொல்லிக்கிடுதேன். சும்மா போயிட்டு, சும்மா போயிட்டுன்னு. அதச் சொல்லது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதுக்காவ உங்கள மாதிரி அடுத்தவ தலைல தூக்கி வைக்கலியே."

அவர் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் எள்ளுப்பொடி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சரிதான், இந்தத் தடவை சோற்றிலும் சண்டை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கவில்லை.

சில நாள் கழித்துச் சிவகிரியிலிருந்து சின்ன மாமியார் குழந்தையைப் பார்க்க வந்தார். பேர் வைக்கும் அன்று வர முடியவில்லை என்பதால் இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் பாத்தியில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் தங்கையும் பின்வாசல் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பிள்ளையை மடியில் போட்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள். சின்ன மாமியார் பாத்தியையும் என்னையும் பார்த்தார். பிறகு நாத்தனாரிடம், எனக்குக் கேட்காது என்ற அதே நம்பிக்கையில், பந்திக்குக் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"நல்ல வேளை, நீ தப்பிச்சிட்ட. இவ அன்னைக்கு மண்ணத் தோண்டித்தான..."

என் கை காம்பிலேயே நின்றது. திரும்பிப் பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முன்னால் மாமியார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, எரிச்சலோடு, தங்கையைப் பார்க்காமல், பாத்தியைப் பார்த்தபடி சொன்னார்.

"மண்ணுக்கும் அதுக்கும் என்னட்டி இருக்கு? ஒண்ணுமில்ல. எம்பேத்தி சும்மா போயிட்டா."

அது பெண் குழந்தை என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.